உள்ளங்கையால் கேட்ட கன்னியப்பன்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள பதினெட்டு கிராமங்களில் ஒரு கல்யாணம் முறைப்படி நடந்ததா இல்லையா என்பதைத் தாலி தீர்மானிப்பதில்லை. கன்னியப்பனின் குழாய் ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கும். தென்னை மரத்து உச்சியில் அந்த நீலக் குழாய் ஏறிக் கட்டப்பட்டு, அடுத்த ஊர்க்காரனின் தூக்கத்தைக் கெடுத்தால் அது கல்யாணம். கெடுக்காவிட்டால் ஏதோ இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காது குத்து, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் கூழ் ஊற்றுதல் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சட்டத்தை ஒற்றை ஆளாக நிர்வாகம் செய்துவந்தவர் கன்னியப்பன்.

அவர் காதைப் பற்றி ஊரில் தனியாக ஒரு மரியாதை இருந்தது. மூன்று மரம் தள்ளிக் கட்டியிருக்கும் குழாயில் சுருள் தீய்ந்திருக்கிறது என்று டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொல்லுவார். ஏறிப் பார்த்தால் தீய்ந்திருக்கும். "அவன் காது காது இல்ல நைனா, மிஷினு" என்று வாலாஜாபாத் வரைக்கும் பேச்சு.

அந்த மிஷின் நின்றுபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

நின்றது ஒரே நாளில் அல்ல. பதினெட்டு வருஷம் குழாய்க்கு அடியிலேயே உட்கார்ந்து, குழாய்க்கு அடியிலேயே சாப்பிட்டு, குழாய்க்கு அடியிலேயே தூங்கிய மனிதரின் காது, முதலில் குயிலை விட்டது. பிறகு சைக்கிள் மணியை விட்டது. அப்புறம் பக்கத்து வீட்டுச் சண்டையை விட்டது. அதை மட்டும் அவர் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டார். கடைசியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற அன்றைக்கு, முழுச் சத்தத்தில் செட் பாடிக்கொண்டிருக்கையில், "இன்னாம்மே, ஃபியூஸ் போச்சா?" என்று பெண்சாதியைக் கேட்டார். பாஞ்சாலி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஊர் அதைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போயி காதக் காட்டிட்டு வந்துருவோம்யா" என்று அவள் கையை ஆட்டி, உதட்டை அகலமாக அசைத்துச் சொன்னாள்.

"காட்டுனா இன்னா ஆவும்? செவிடன்னு சீட்டு எழுதிக் குடுப்பான். அத்த எடுத்தாந்து கடையில மாட்டிக்கினு ஒக்காரவா? கண்ணு தெரியாதவன் ஓட்டுற பஸ்ல எவன்டி ஏறுவான்?"

பதிலுக்குப் பதிலாகப் பாஞ்சாலி ஒரு ஏற்பாடு செய்தாள். அன்றிலிருந்து எந்த ஊருக்குச் செட் போனாலும் ஒயர் சுருணையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனாள். ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே, அவர் கண்ணுக்கு நேராக ஒரு இடம் பார்த்து நின்றுகொள்வாள். அவள் காதோர முடியை ஒதுக்கினால் சத்தம் கீச்சென்று இருக்கிறது, குறைக்க வேண்டும். மூக்குத்தியைத் தொட்டால் பத்தவில்லை, ஏற்ற வேண்டும். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டால் எங்கேயோ ஒயர் சரியாகச் சேரவில்லை, கொர்ரென்று இரைகிறது. தாலிக்கயிற்றைக் கையில் பிடித்தால் எல்லாவற்றையும் நிறுத்து.

பெண்டாட்டியை விட்டு அரை நாள் பிரிந்திருக்க மாட்டேன் என்கிறானே என்று ஊர் இளவட்டங்கள் கன்னியப்பனைக் கேலி செய்தன. மாமியார்களோ, புருஷன் வேலை செய்யும்போது தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாஞ்சாலியைத் தங்கள் மருமகள்களுக்கு உதாரணம் காட்டினார்கள். நாலு வருஷத்தில் ஒருத்தருக்கும் விஷயம் தெரியவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. சத்தம் என்று ஒன்று வந்தால் போதும், அதைக் கேட்க வேண்டும் என்று எந்த ஊரும் நினைப்பதில்லை.

மிச்சம் இருந்தது பேச்சு. அதற்குக் கன்னியப்பன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எதிராளியின் உதட்டையே பார்ப்பது. உதடு நின்று, புருவம் மேலே போனால், தலையை ஆட்டுவது. இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு அவர் ஊரிலேயே தங்கமான மனிதர் என்று பெயர் வாங்கினார். ஒரே நாளில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஓட்டுப் போடுவதாகத் தலையாட்டினார். பக்கத்து வீட்டுச் செங்கேணி தன் தாயார் செத்த செய்தியைச் சொன்னபோது சிரித்த முகமாய்த் தலையாட்டினார். அது ஒன்றுதான் கொஞ்சம் பேஜாராகிவிட்டது.

சத்தத்துக்கும் இன்னொரு வழி வைத்திருந்தார். பாஞ்சாலி சாப்பிடப் போகிற சமயத்தில், ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைப்பார். பலகை அதிர்வதை வைத்துப் பாட்டு ஓடுகிறதா, பேச்சு ஓடுகிறதா என்று பிடித்துவிடுவார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் பாடம், கரண்டு சாமானைத் தொட வேண்டி வந்தால் புறங்கையால் தொட வேண்டும் என்பது. புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும். கரண்டுக்குப் புறங்கை, சத்தத்துக்கு உள்ளங்கை. நாலு வருஷமாகச் சத்தமே பெரும்பாடாகிவிட்டதால், புறங்கையை அவர் கொஞ்சம் மறந்திருந்தார்.

இந்த நிலவரத்தில்தான் ரைஸ் மில் எத்திராஜ் வீட்டுக்கு துபாய் வந்து சேர்ந்தது.

எத்திராஜின் மச்சினர் அங்கிருந்து ஒரு கலர் டிவி, கேசட் போட்டுப் படம் பார்க்க ஒரு டெக், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி இவ்வளவையும் கொண்டுவந்து இறக்கினார். ஆம்ப்ளிஃபயரின் முகம் முழுக்க வெள்ளிபோல் பளபளக்கும் தகடு. குமிழெல்லாம் அதே உலோகம். மூன்று நாள் ஊரே வந்து பார்த்தது. ஆனால் ஒரு குறை. டிவி தன் பாட்டுக்கு டிவியாக இருந்தது, ஸ்டீரியோ தன் பாட்டுக்கு ஸ்டீரியோவாக இருந்தது. படம் டிவியில் ஓடினால் சத்தம் அதன் வயிற்றிலிருந்தே தகர டப்பாவுக்குள் விழுந்த வண்டு மாதிரி வந்தது. ஆள் உயரப் பெட்டி இரண்டும் சம்பளம் வாங்காத வாட்ச்மேன்களைப் போல் இரண்டு மூலையில் நின்றன. எத்திராஜுக்கு இது பெரிய அவமானம். வீட்டுக் கூடம் தியேட்டராக வேண்டும். இரண்டையும் சேர்க்க வேண்டும்.

எத்திராஜுக்கு அடர்த்தியான மீசை. வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவர் உதட்டை அவரைப் பெற்ற தாயே பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். கன்னியப்பனைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் ஏதோ சொன்னார். மீசை நின்றது, புருவம் உயர்ந்தது. கன்னியப்பன் தலையாட்டினார். என்னவென்று தெரு முனையில் வைத்துப் பாஞ்சாலிதான் விளக்கினாள்.

"ஞாயித்துக்கெயமைக்குள்ள ரெண்டு செட்டையும் ஒண்ணா சேத்துக் குடுக்கணுமாம். சாயங்காலப் படம் அந்தப் பொட்டியில கேக்கணுமாம். உனுக்கு அந்த வேலை தெரியுமாய்யா?"

"ஒயரு ஒயருதானே."

"முடியாட்டி சொல்லிரு, வாலாஜாபாத் சுகுமாரக் கூப்புடுறேன்னாரு. அவன் ஸ்டீரியோவெல்லாம் படிச்சிட்டு வந்துக்கீறானாம். இந்த ஆடிக்குக் கோயில் செட்டும் அவனுக்கே குடுக்கலாமான்னு கமிட்டியில பேச்சு கீதாம்."

கோயில் கமிட்டித் தலைவர் எத்திராஜ்தான். கன்னியப்பன் கொஞ்ச நேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சு முடிந்துவிட்டது, புருவமும் இறங்கிவிட்டது, இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுருல நில்லு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வேலை ஆரம்பம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பையில் எப்போதும் வைத்திருக்கும் மணைப்பலகையை எடுத்து டிவிக்கு முன்னால் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். காலுக்குக் கீழே மரம் இல்லாமல் அவர் எந்த மிஷினையும் தொடுவதில்லை. பாஞ்சாலி எதிர்ச் சுவரில் சாய்ந்து, அவர் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டாள்.

அப்போது எத்திராஜின் மனைவி லீலாவதி வந்தாள். "நீ இன்னாம்மா இங்க நின்னுக்கினு கீற? படம் பாக்க முப்பது நாப்பது பேரு வரப்போறாங்க. உள்ள வடைக்கு அரைக்கணும், வா."

"இல்லீங்கம்மா, அவருக்கு ஒயரு எடுத்துக் குடுக்கணும்."

எத்திராஜ் சிரித்தார். "ஒயரு எடுத்துக் குடுக்க என் மில்லு ஆளு நாலு பேரு சும்மாதான் குந்திக்கினு கீறான். கன்னியப்பா, இன்னாய்யா, பொண்டாட்டி இல்லாம உனுக்குக் கையி வராதா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லா உதடும் விரிந்ததைப் பார்த்துக் கன்னியப்பனும் சிரித்துத் தலையாட்டினார். அதாவது, தன் காதைத் தானே சமையலறைக்கு அனுப்பிவைத்தார்.

போகிற வழியில் பாஞ்சாலி அவர் முன்னால் ஒரு நொடி நின்று, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "நான் வர்ற வரைக்கும் சுச்சு போடாத."

இது அவருக்கு நன்றாகவே கேட்டது.

வேலை சிக்கலானதுதான். டெக்கிலிருந்து சத்தம் எடுப்பது சுலபம். பின்னால் அதற்கென்றே துளை இருந்தது. ஆனால் அப்படி எடுத்தால் கேசட் போடும்போது மட்டும்தான் பெட்டி பேசும். எத்திராஜுக்கு ஞாயிற்றுக்கிழமைப் படமும் பெட்டியில் வர வேண்டும், வயலும் வாழ்வும்கூட. டிவியில் அதற்குத் துளை இல்லை. கன்னியப்பன் டிவியின் முதுகைக் கழற்றினார். உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கரின் இரண்டு காதிலும் ஈயம் பற்றவைத்து ஒயர் இழுத்தார். அதைக் கொண்டுபோய் ஸ்டீரியோவின் முதுகில் சொருகினார். அவருடைய மைக் செட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் செய்துவந்த வேலை. மைக் செட்டுக்குள்ளே எட்டுக் கிலோ டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்து, வீதிக் கரண்டை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். துபாய் டிவி நாகரிகமானது, எடை குறைச்சல். அதில் அந்தத் தடுப்பு கிடையாது. அதன் எலும்புக்கூட்டிலேயே சுவர்க் கரண்டு நடமாடும். அதனால்தான் அதைக் கம்பெனிக்காரன் முழுக்கப் பிளாஸ்டிக்கில் மூடி, யாரும் ஒயர் இழுக்கக் கூடாதென்று துளையே வைக்காமல் விட்டிருந்தான். துளை இல்லாததைக் கன்னியப்பன் கம்பெனிக்காரனின் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு எல்லாம் தயார். கூடம் நிறைந்துவிட்டது. லீலாவதி புது சாமானுக்குக் கற்பூரம் காட்டுவதற்காகத் தரையைக் கழுவிவிட்டு, ஈரத்தோடு மாக்கோலம் போட்டிருந்தாள். கன்னியப்பன் சமையலறை வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஸ்குரூவை இறுக்கினார். இறுக்கிய ஸ்குரூவைக் கழற்றி மறுபடி இறுக்கினார். திரும்பவும் வாசலைப் பார்த்தார்.

எத்திராஜின் மீசை அசைந்தது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு பக்கத்து ஆளிடம் திரும்பி ஏதோ சொன்னார். நல்லவேளை, அந்த ஆளுக்கு மீசை இல்லை. அவன் திருப்பிச் சொன்ன ஒரு சொல்லைக் கன்னியப்பனால் படிக்க முடிந்தது. சுகுமார்.

பாஞ்சாலியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அவள் வந்து எதிரே நின்றால்தான் சுவிட்ச் போடுவேன் என்று ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் சொன்னால் அதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். நாலு வருஷம் காத்ததை நாற்பது பேர் முன்னால், வடை வேகிற நேரம் பொறுக்க முடியாமல் உடைப்பதா?

சுவிட்சைப் போட்டார்.

கூடத்தில் இருந்தவர்கள் கேட்டது இது: இரண்டு பெட்டியிலிருந்தும் கொர்ரென்று ஒரு இரைச்சல். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. படத்தில் கதாநாயகி வாயைத் திறந்தாள், கொர்ர். வில்லன் வாயைத் திறந்தான், அதே கொர்ர்.

"இன்னாய்யா இது, என் மில்லு ஹல்லர் கணக்கா அரைக்குது?" என்று எத்திராஜ் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

மீசை நின்று புருவம் உயர்ந்ததைப் பார்த்துக் கன்னியப்பன் தலையாட்டினார். "ஆமா மொதலாளி, கனமா கீது இல்ல?"

சொல்லிவிட்டு, தானும் கேட்டுப் பார்க்கலாம் என்று, ஆம்ப்ளிஃபயரின் வெள்ளித் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

உள்ளங்கையில் ஜிவ்வென்று ஒரு அதிர்வு ஏறியது.

காலுக்குக் கீழே மணைப்பலகை இருந்தது. கரண்டு அவரைக் கடந்துபோக வழியில்லாமல், தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே எறும்பு மாதிரி ஊர்ந்தது. வேறு எந்த எலெக்ட்ரீசியனாக இருந்தாலும் அலறிக் குதித்திருப்பான். கன்னியப்பனோ கையை மெதுவாகத் தகட்டின்மேல் தடவினார். தடவத் தடவ அதிர்வு ஓடி வந்தது. குழாய் ஸ்பீக்கரில் எந்தக் காலத்திலும் இவ்வளவு துல்லியமாக வந்ததில்லை. எழுபதுகளில், காது இருந்த நாளில், கல்யாண வீட்டில் புது ரிக்கார்டைப் போட்டு ஊசியை வைத்ததும் நெஞ்சுக்குள் இறங்குமே, அது. ஸ்டீரியோ என்றால் இதுதானா, என்று நினைத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் போனது, துபாய் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டதா? கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். நாலு வருஷத்தில் முதல் முறையாக, யாருக்காகவும் இல்லாமல் ஆட்டினார்.

இரைச்சல் சமையலறைக்கு எட்டியதும் பாஞ்சாலி மாவுக் கையோடு எழுந்து ஓடி வந்தாள். வாசலில் நின்று முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள். அவர் பார்க்கவில்லை. தாலிக்கயிற்றைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். கண் மூடியிருந்தது. அவரைப் பார்த்து நாற்பது பேரும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். "செவுட்டுப் பயலா இவன்?" என்று எவனோ கேட்டான், வேடிக்கைக்குத்தான் கேட்டான்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை. "யோவ், நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டே, கழுவிய ஈரத் தரையில், மாக்கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடினாள். அவர் தோளுக்குப் பக்கமாகக் கையை நீட்டி, நாலு வருஷமாக எதிரே நின்று அவர் திருப்பப் பார்த்துப் பழகியதைப் போன்ற, சத்தம் குறைக்கிற குமிழைப் பிடித்தாள்.

ஈர மாவுக் கை. வெறுங்கால். அவள் காலுக்குக் கீழே மணைப்பலகை இல்லை.

தோளில் ஏதோ கனமாகச் சாய்ந்ததும் கன்னியப்பன் கண்ணைத் திறந்தார். எதிரே நாற்பது வாயும் திறந்திருந்தது. எந்த வாயும் மூடவில்லை, எந்தப் புருவமும் கேள்வி கேட்கவில்லை. எதற்குத் தலையாட்டுவதென்று தெரியாமல் ஒரு நொடி நின்றார். திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஒயரோடு பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

மில் டெம்போவில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மாவு அவள் விரலில் காய்ந்திருந்தது.

மறுநாள் ஹெட் கான்ஸ்டபிள் வேதகிரி வாக்குமூலம் எழுத வந்தார். எத்திராஜ் அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வெற்றிலை இல்லாத எத்திராஜை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

கன்னியப்பன் யாரும் கேட்பதற்கு முன்பே பேசினார். "எனுக்கு நாலு வருசமா காது கேக்காது சார். பொட்டச் செவுடு. அவதான் எனுக்குக் காது. ஊரு பூரா ஏமாத்திக்கினு இருந்தேன். அவ வர்ற வரைக்கும் சுச்சு போடாதன்னா. நான் போட்டேன். நான்தான் சார். என்னை எழுதிக்குங்க."

வேதகிரி பேனாவை நிறுத்திவிட்டு எத்திராஜைப் பார்த்தார்.

"கேக்காதாம்! மூணு மரம் தள்ளி சுருளு தீஞ்சா சொல்லுவான் சார் இவன்" என்றார் எத்திராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தக் கண்ணீர் நிஜமானதுதான். "பொண்டாட்டி கண்ணு முன்னாடி போயிட்டா. அதிர்ச்சியில காது அடைச்சிக்கிச்சி. பாவம், பித்துப் புடிச்சிப் பேசறான்."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நாலு வருஷமாக அவர் செட்டைக் கேட்டவர்கள் அவர்கள். தாங்கள் செவிடனிடம் பாட்டுக் கேட்டதாக ஒத்துக்கொள்ள எந்த ஊருக்கு மனசு வரும்?

வேதகிரி எழுதினார்: இறந்தவர் ஈரக் கையோடு தற்செயலாக மின் சாதனத்தைத் தொட்டதாகவும், அதைக் கண்ட அதிர்ச்சியில் கணவருக்குக் காது கேளாமல் போனதாகவும், யார்மீதும் சந்தேகம் இல்லை என்றும். முறைப்படி அதைக் கன்னியப்பனுக்கு முழுக்க வாசித்துக் காட்டினார். நல்ல உரத்த குரல். தெரு முனைவரைக்கும் கேட்டது. கன்னியப்பன் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் பாதி உதட்டை மறைத்தது. உதடு நின்றது. "சரிதானேய்யா?" என்று புருவம் மேலே போனது.

தலை தானாக ஆடியது. கையெழுத்தும் போட்டார்.

அந்த ஆடிக்கு அம்மன் கோயிலில் சுகுமார்தான் செட் கட்டினான். கமிட்டி மறக்கவில்லை, பெண்சாதியைப் பறிகொடுத்துக் காதையும் பறிகொடுத்த மனிதர் என்று, கன்னியப்பனை அழைத்து வந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சுகுமார் நல்ல பிள்ளை. தொழிலில் மூத்தவர் என்று, குமிழில் கையை வைத்துக்கொண்டு, "சவுண்டு சரியா கீதாண்ணே?" என்று சாடையாகக் கேட்டான்.

கன்னியப்பன் எதிரே பார்த்தார். அவள் வழக்கமாக நிற்கிற வேப்ப மரத்தடியில் ஒரு சோடா வண்டி நின்றது. வண்டிக்காரன் ஒரு பாட்டிலை உடைத்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். சுகுமாரின் புருவம் இன்னும் இறங்கவில்லை. கன்னியப்பன் தலையாட்டாமல், இரண்டு கையையும் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு, சோடா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.